கைதட்ட மறுத்த மோர்க்காரி

முன்னொரு காலத்தில், மழை சொன்ன நாளில் பெய்தாலும் ராஜா சொன்ன சொல்லில் நிற்காத காலத்தில், செங்குறிஞ்சி நாட்டைக் கோளரி என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். காலையில் மனம் குளிர்ந்தால் கிராமம் தானம். மாலையில் கொதித்தால் கசையடி.

அவன் சபையில் ஒரு கல் நின்றது. ‘குடிகளின் வாயைக் கோல் கொண்டு அடைக்கலாகாது’ என்று அதில் வெட்டியிருந்தார்கள். எந்த ராஜாவும் பட்டம் சூடும் நாளில் அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எழுத்திருந்த பக்கம் சிம்மாசனத்தைப் பார்த்தது. சபைக்கு வருகிற ஜனங்களுக்குத் தெரிந்தது மொட்டை முதுகுதான். கல்தச்சன் திருப்பி நட்டுவிட்டான் என்று நாலு தலைமுறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காத்தாயி சந்தையில் மோர் விற்பவள். ஒரு பானை, ஓர் அகப்பை, ஓர் எருமை. அவள் சொத்து அவ்வளவுதான். ஒரு நாள் அவைப்புலவர் கீர்த்திவாசகப் பண்டிதர் பல்லக்கில் சந்தைக்கு வந்து இறங்கினார். ராஜாவின் மீசையைப் பற்றி நூறு பாட்டு எழுதியிருந்தார். பதினோரு பாட்டு பாடியும் வலது மீசையே முடியவில்லை.

“பண்டிதரே, நரைக்கிறதுக்குள்ள இடது மீசைக்கு வந்துருவீங்களா?” என்று கேட்டுவிட்டுக் காத்தாயி பானையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். சந்தையே சிரித்துக் கலைந்தது.

பண்டிதருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேரே அரண்மனைக்கு ஓடினார். “மன்னா! பேசுவது என் உரிமை என்று கல்லே சொல்கிறது. நான் பாடும்போது அந்த மோர்க்காரி சிரித்தாள். பாதியில் எழுந்தும் போனாள். என் உரிமையை மிதித்துவிட்டாள்!”

மீசை விவகாரம் என்பதால் ராஜாவுக்கும் ரோசம் வந்தது. மறுநாள் காலையிலேயே காத்தாயியைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். “ஏ மோர்க்காரி! பண்டிதர் நூறு பாட்டும் பாடுவார். நீ நின்று கேட்டு, பாட்டுக்குப் பாட்டு கைதட்ட வேண்டும். மறுத்தால் உன் பானை உடையும். சந்தையில் இனி உனக்கு இடமில்லை.”

காத்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பானை போனால் அடுப்பில் பூனை தூங்கும். தட்டிவிட்டுப் போனால்தான் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியே கோபம் வந்தது. பிடிக்காத பாட்டுக்குப் பயந்து தட்டினால் அப்புறம் இந்தக் கை தன் கையா என்று நினைத்தாள்.

“தட்ட மாட்டேன், மகாராஜா” என்றாள். “ஆனா ஒரு சந்தேகம். கல்லுல பண்டிதர் பேரா வெட்டியிருக்கு?”

“இல்லை. குடிகள் என்றுதான் இருக்கிறது” என்றான் ராஜா.

“நானும் குடிதானே? பேசுறவங்க முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது, கைதட்டணும்னா, அந்த உரிமை எனக்கும் உண்டுதானே?”

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். “உண்டு! முதலில் நீ பேசு, பிறகு அவர் பாடட்டும். நீ முடிக்கும்வரை நானும் எழ மாட்டேன்.”

காத்தாயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். “எங்க எருமை இருக்கே, அதோட ஆத்தா ஒரு சுழி எருமை...” ஆத்தா எருமை கன்று போட்டது, கன்று கயிற்றைத் தின்றது, கயிறு திரித்தவனின் மச்சான் பெண் பார்க்கப் போனது என்று எல்லாம் வந்தது. நடுநடுவே நிறுத்தி, “தட்டுங்க” என்பாள். ராஜா தட்டினான். பண்டிதரும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்.

உச்சிவேளை தாண்டியது. சமையற்கட்டிலிருந்து நெய் வாசனை வந்தது. பண்டிதர் நெளிந்தார், காலை மாற்றி மாற்றி வைத்தார், கடைசியில் எழுந்தேவிட்டார். “மன்னா, அவசரம்... கொல்லைப்புறம்...”

“உட்காருங்க பண்டிதரே! எருமைக்கு இன்னும் கொம்பே முளைக்கலை. என் உரிமையை மிதிச்சுட்டு எங்க போறீங்க?”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். குலுங்கிய வயிறு காலி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “இன்னும் எவ்வளவு நேரம்?”

“என் பேச்சு பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிரும், ராஜா. ஆனா வாசல்ல சந்தைக்காரங்க நாப்பது பேர் நிக்கிறாங்க. அவங்களும் குடிகள்தானே? கொல்லருக்கு மாமியாரைப் பத்தி மட்டுமே ரெண்டு நாள் பேச்சு இருக்காம்.”

ராஜா துள்ளி எழுந்தான். “போதும்! நீ பேசிக்கொண்டே இரு, உன் வாயை யார் பிடித்தது? நான் சாப்பிடப் போகிறேன்!”

“அதைத்தான் நானும் சந்தையில செஞ்சேன்” என்றாள் காத்தாயி. “அவர் வாயை நான் பொத்தலை. என் காலைத்தான் நகர்த்தினேன்.”

வயசான மந்திரிதான் முதலில் சிரித்தார். பிறகு ராஜாவும் சிரித்தான். சிரித்த கையோடு தாராளமும் பொங்கியது. “கெட்டிக்காரி! உன் பானை பிழைத்தது. விரும்பியபடி பேசும் உரிமையை இன்று முதல் உனக்கு யாம் அளித்தோம்!”

சபை வாழ்த்தியது. காத்தாயி குனியவில்லை. “அதை நீங்க குடுக்க வேண்டாம், ராஜா. இன்னைக்கு நீங்க குடுத்ததுன்னு ஆனா நாளைக்கு நீங்களே புடுங்கலாம்.”

ராஜாவின் முகம் கறுத்தது. பண்டிதர் பாய்ந்தார். “பார்த்தீர்களா திமிரை! அந்த உரிமையே சபையோருக்குத்தான். அதனால்தான் கல் எங்கள் பக்கம் பார்க்கிறது, இவர்களுக்கு முதுகைக் காட்டுகிறது!”

காத்தாயி பண்டிதர் பக்கம் திரும்பினாள். “எங்க வாய் எங்களுதுன்னு எங்களுக்குத் தெரியும், பண்டிதரே. அதைக் கல்லுல எழுதியா காட்டணும்? கோல் யார் கையில இருக்கோ அவர் தினமும் படிக்கணும்னுதான் சிம்மாசனத்தைப் பார்த்து நட்டிருக்காங்க. தச்சன் தப்புப் பண்ணலை.”

ராஜா கல்லைப் பார்த்தான். அவனுக்கும் கல்லுக்கும் நடுவே பெரிய மயில்விசிறி ஒன்று எழுத்தை மறைத்தபடி பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. அதைத் தன் கையாலேயே தள்ளி வைத்துவிட்டு, எழுத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்தான்.

“இவள் சிரித்ததற்குப் பானையை உடைப்பேன் என்றேன். அதுவும் வாயை அடைப்பதுதான். என் ஆணை செல்லாது” என்றான். ராஜாக்கள் இப்படிச் சொல்வது அபூர்வம். பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். “பண்டிதரே, நீரும் சந்தையில் தாராளமாகப் பாடும். கேட்கிறவன் கேட்கட்டும், போகிறவன் போகட்டும்.”

மறுநாள் பண்டிதர் பாடினார். கடைசிவரை நின்று கேட்டது காத்தாயியின் எருமை மட்டும்தான். அதுவும் கட்டிப் போட்டிருந்ததால். தொண்டை வறண்ட பண்டிதர் ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்: “சே, ஒரே புளிப்பு!”

சந்தை முழுக்கக் காத்தாயியைத் திரும்பிப் பார்த்தது.

“நல்லாச் சொல்லுங்க, பண்டிதரே. இன்னும் சத்தமாச் சொல்லுங்க” என்று அடுத்த குவளையை நிரப்பினாள் அவள். “குடிக்கிறவங்க குடிக்கட்டும், போறவங்க போகட்டும்.”