கட்டையன் கட்டிய மூன்று மாடி இஞ்சி ரொட்டி வீடு

மலைச்சரிவுக் காட்டில் கட்டையன் என்றொரு கரடி இருந்தது. மழை ஓய்ந்ததும் வரும் முழுநிலா நாளில், அதன் தங்கை வடிவும் தம்பி மாசியும் குட்டிகளோடு விருந்துக்கு வருவது வழக்கம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மூவரும் ஒன்றுகூடுவது.

இந்த முறை கட்டையன் ஒரு யோசனை சொன்னது.

"ஆளுக்கொரு இஞ்சி ரொட்டி வீடு கட்டி அலங்காரம் பண்ணுவோம்! சும்மா ஒரு ஜாலிக்குத்தான்! நமக்குள்ள வெற்றியாவது, தோல்வியாவது!"

வெற்றியை அது அவ்வளவு அலட்சியமாகப் பேசியதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதமாகக் குகைக்குள் ஒளிந்துகொண்டு வீடு கட்டிப் பழகியிருந்தது. நடுவராக முள்ளம்பன்றியை அழைத்து, ஒரு பெரிய தேனடையும் அனுப்பி வைத்திருந்தது.

வேலை தொடங்கியது. இஞ்சியும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட ரொட்டிகள் சுவர்களாயின. தேன்தான் பசை. கட்டையன் மளமளவென்று மூன்று மாடி எழுப்பியது. "இதெல்லாம் இப்பதான் தோணுச்சு!" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டது.

மாசியின் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுவரில் பாதியைக் குட்டிகள் நக்கித் தீர்த்துவிட்டன. "அது ஜன்னல்!" என்று சிரித்தது மாசி.

வடிவோ, கூரை முழுக்க இலந்தைப் பழங்களை ஓடு போல அடுக்கியது. வெயில் பட்டதும் கூரை சிவப்பாக மின்னியது. மூன்று மாடியை விட்டுவிட்டுக் குட்டிகள் எல்லாம் அங்கே ஓடின. கட்டையனுக்கு வயிறு எரிந்தது.

"தங்கச்சி, கூரை கொஞ்சம் கோணலா இருக்கே! அண்ணன் சரி பண்ணித் தரேன்!"

"வேண்டாம் அண்ணே! தேன் இன்னும் காயலை!"

அதற்குள் கட்டையன் தன் பாசமான கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டது. கூரை பொலபொலவென்று உள்ளே சரிந்தது.

"அடடா! வெல்லம் பதம் தப்பிடுச்சு போல!" என்றது கட்டையன்.

வடிவு நிதானமாக நடந்துபோய், மூன்று மாடியின் மேல் உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்கோ அண்ணே! பாறைன்னு நினைச்சுட்டேன்!"

அவ்வளவுதான். பழைய சண்டைகள் எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் வடிவின் கண் கலங்கிவிட்டது. "ஒரு நாள் சேர்ந்து சிரிச்சுட்டுப் போகலாம்னுதானே இத்தனை மலை ஏறி இறங்கி வந்தேன்!" என்று குட்டிகளை அழைத்துக்கொண்டு கிளம்பியது.

கட்டையனுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. 'போகாதே' என்று சொல்ல வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது.

"ஐயா, வாங்க வாங்க!" என்று அதனிடம் ஓடியது கட்டையன். "ரெண்டு வீடும் இடிஞ்சிருச்சு. ஆனா பாருங்க, என்னோடதுதானே அழகா இடிஞ்சிருக்கு!"

இதைக் கேட்ட மாசி, தன் கோணல் வீட்டைத் தேக்கிலையில் தூக்கி வைத்தது. "வடிவு, நில்லு! நாங்களும் வரோம்! வழியில எல்லாரும் இதைத் தின்னுக்கலாம்!"

முள்ளம்பன்றி சுற்றுமுற்றும் பார்த்தது.

"ஜெயிச்சது நீதான் கட்டையா! போட்டியில வேற யாருமே இல்லையே!" என்று சொல்லிவிட்டு அதுவும் நடையைக் கட்டியது.

"நான் ஜெயிச்சுட்டேன்!" என்று உரக்கக் கத்தியது கட்டையன். சரிவில் இறங்கிக்கொண்டிருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்துக்குச் சமைத்ததெல்லாம் அப்படியே ஆறிக் கிடந்தது.

சொந்தங்களைத் தோற்கடித்துப் பெறும் வெற்றியைக் கொண்டாட, பக்கத்தில் ஒரு சொந்தமும் மிஞ்சாது.