ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

மருத்துவமனைகளுக்கான மென்பொருளைப் பராமரிக்கும் சிறிய அலுவலகம் ஒன்றைத் திண்டுக்கல்லில் நடத்திவந்தார் மங்களேஸ்வரி. அவரிடம் தொழில் கற்க வந்த இருதயராஜ் அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். மங்களேஸ்வரி அவரை "அண்ணே" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ரத்த வங்கி ஒன்றின் கணினியில், ரத்த இருப்பைக் காட்டும் மென்பொருளின் புதிய பதிப்பை ஒரு பென்டிரைவிலிருந்து நிறுவிவிட்டு வந்தார் இருதயராஜ். மறுநாள் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. குளிர்பெட்டியில் இரண்டு பை இருந்தது. திரையில் இல்லை என்று வந்தது; அதை நம்பிவிட்டார்கள். மதுரையிலிருந்து ரத்தம் வந்து சேர வெகுநேரம் ஆகிவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

திங்கள் காலை இருதயராஜ் மங்களேஸ்வரியின் மேசை முன் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஃபைல் பேரு சரியா இருந்துச்சு டீச்சர். பதிப்பு எண்ணும் சரி. அளவுகூட ஒரு பைட் மாறல. வேற எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

 இருதயராஜ் கையிலிருந்த அந்தப் பென்டிரைவை மங்களேஸ்வரி வாங்கித் தன் கணினியில் செருகினார். கோப்புக்குக் கைரேகை போன்ற ஹாஷைக் கணக்கிடச் சொல்லி ஒரு வரி தட்டினார். கோப்பு முழுவதையும் படித்துவிட்டு, எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு குறிகளைக் கொடுத்தது கணினி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் இது வேறாகிவிடும். பக்கத்துத் திரையில், தயாரித்தவர்களின் இணையதளத்தில் அசல் கோப்பின் ஹாஷ் இருந்தது.

"நான் இதை வாசிக்கிறேன். நீங்க அதைப் பார்த்துட்டே வாங்க."

இருதயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏழு," என்றார் மங்களேஸ்வரி.

"இங்க... சி."

மங்களேஸ்வரி மேற்கொண்டு வாசிக்கவில்லை.

"ஆரம்பமே வேற. இது அசல் இல்ல," என்றார் இருதயராஜ்.  "ஒத்துப் பார்க்க அரை நிமிஷ வேலை டீச்சர்."

"ஆமா."

"ஏன் பார்க்கலைன்னு கேட்க மாட்டீங்களா?"

"ஏன் பார்க்கல?"

"இந்தப் பென்டிரைவை உங்க கையால குடுத்தீங்க. நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."



"நானும் பார்க்கல. எப்பவும் டவுன்லோட் பண்ற சைட்டுலேருந்துதானேன்னு எடுத்துட்டேன்."

"அந்தப் பொண்ணைப் போய்ப் பார்க்கணும்."

"போவோம். ரெண்டு பேரும்."

இருதயராஜ் பென்டிரைவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இனிமே வெளியில இருந்து வர்ற எல்லாத்தையும் ஒத்துப் பார்த்துடுறேன். நீங்க குடுக்குறத?"

"அதைத்தான் முதல்ல பார்க்கணும் அண்ணே."