கைக்குழந்தைக்குக் கடல் காட்டிய கதை

கோணப்பட்டியில் முட்டாள் என்று ஒருத்தரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் கோணப்பட்டிக்காரர்களையே கேட்டுப் பார்க்கலாம். எல்லாரும் யோசனைக்காரர்கள். யோசிக்காமல் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட மாட்டார்கள். யோசித்து முடித்த பிறகு செய்வதுதான் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத் தெரியும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக எது வந்தாலும் வீட்டிலேயே சின்ன உருப்படி எதுவோ அதுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்கள் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். ஏகாம்பரம் வீட்டுக்கு மிக்சி வந்தபோது பேத்தி முத்தழகி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைப் பிரித்தார்கள். அன்றைக்குத் தொலைந்த மிக்சி மூடி இன்று வரை கிடைக்கவில்லை. வழக்கம் கெடவில்லை, அது போதாதா?

முத்தழகியின் அம்மா செல்லக்கிளிக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. கடல் என்பது கரையே தெரியாத பெரிய ஏரி மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு நாள் சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. கரையே தெரியாது என்றால் எங்கே நின்று பார்ப்பது? கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்து, அந்தக் கவலை மட்டும் தீரவில்லை. நிலக்கடலை எடுத்து முடிந்ததும் புருஷன் வைரக்கண்ணுவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். அவன் அப்பாவிடம் எடுத்தான். உடனே வீட்டுக் கூடத்தில் சபை கூடிவிட்டது.

“பத்து மாசக் குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கடலுக்குப் போறதுல என்ன பிரயோசனம்?” என்று ஏகாம்பரம் ஆரம்பித்தார்.

“ஒரு பிரயோசனமும் இல்ல. அதுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது” என்றாள் பவுனம்பா. வைரக்கண்ணுவுக்கு அக்கா. அவளை உள்ளூரிலேயே அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சமையல் அங்கே, அபிப்பிராயமெல்லாம் இங்கே. “தம்பி, உனக்குப் பத்து மாசத்துல நடந்தது எதாச்சும் ஞாபகம் இருக்கா?”

வைரக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். “பத்து மாசத்துல நான் கடலுக்குப் போகலையே அக்கா.”

“போயிருப்பே. ஞாபகம் இல்லாமப் போயிருக்கும்.”

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

“அப்ப முத்தழகியை விட்டுட்டுப் போயிட்டு வருவோம்” என்றான் வைரக்கண்ணு.

“வழக்கம் என்னாகுறது? நமக்குக் கடல் புதுசு. சின்ன உருப்படி பாக்காம நாம எப்படிப் பாக்குறது?” என்றாள் பவுனம்பா.

“அப்ப அவ வளரட்டும். விவரம் தெரிஞ்ச பிறகு போவோம்” என்றார் ஏகாம்பரம்.

செல்லக்கிளி விடவில்லை. அவளும் கோணப்பட்டியில் பிறந்தவள்தான். “அவ வளர்றதுக்குள்ள அடுத்தது பொறந்துடும் மாமா. அப்ப அதுதானே சின்ன உருப்படி? அது வளரணும்னு உட்கார்ந்திருந்தா அதுக்கடுத்தது வந்துடும்” என்றாள்.

இந்தக் கணக்குப்படி கோணப்பட்டியில் ஒருத்தரும் எந்தக் காலத்திலும் எங்கேயும் போக முடியாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

“ஒரே ஒரு நாள். காலையில போயி சாயங்கால பஸ்ஸுல திரும்பிடணும். அதுக்குள்ள குழந்தை கடலைப் பாத்துட்டா நாமளும் பாக்கலாம். பாக்கலைன்னா நாமளும் பாக்காமத் திரும்பிடணும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல கடல் பேச்சே கூடாது.”

கிளம்புவதற்கு முன்னால் ஊர் நர்சம்மாவிடம் யோசனை கேட்டார்கள். அவர் நல்ல மனசோடு சொன்னார்: “தாராளமாப் போயிட்டு வாங்க. போற இடத்துலயும் குழந்தைக்கு வீடு மாதிரியே இருக்கணும், அவ்வளவுதான். தூளியில தூங்கிப் பழகின குழந்தையைத் தூளியிலயே போடுங்க. தூங்கும்போது எழுப்பாதீங்க.”

தூளியை எடுத்து வைத்தார்கள். ஆனால் தூளி எதில் தொங்கும்? உத்திரத்தில்தான். வீட்டு உத்திரத்தைக் கழற்றினால் கூரை தலையில் இறங்கும் என்று வைரக்கண்ணு சொன்னான். அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. அதனால் மாட்டுக் கொட்டகையின் உத்திரத்தைக் கழற்றினார்கள். கொட்டகை உட்கார்ந்துவிட்டது. மாடு எழுந்துவிட்டது. தூளியிலிருந்து பார்த்தால் குழந்தைக்குச் சுவரில் காலண்டர் தெரியும் என்பதால் காலண்டரைப் பவுனம்பா கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் உத்திரத்தைப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது?” என்றார்.

“வீடுங்க” என்றார் ஏகாம்பரம்.

கண்டக்டர் விசிலை ஊதினார். உத்திரம் நடுவழியில் நீட்டிப் படுத்துக்கொண்டது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். முத்தழகி அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். யாரோ அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார்கள்.

கடற்கரை ஊரில் இறங்கியதும் நாலு பேரும் திரும்பி நின்றுகொண்டு பின்பக்கமாகவே நடந்தார்கள். தவறிப்போய்க்கூட முதலில் பார்த்துவிடக் கூடாதல்லவா? முன்னால் இருந்த ஊர் சின்னதாகிக்கொண்டே போயிற்று. சுண்டல் விற்கிற ஒருவர் பரிதாபப்பட்டு, “இன்னும் பின்னால வாங்க, வாங்க, அப்படியே நில்லுங்க” என்று லாரிக்கு வழி சொல்வது போலச் சொல்லிக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஏகாம்பரம் உத்திரத்தின் ஒரு முனையையும் வைரக்கண்ணு மறுமுனையையும் தோளில் தாங்கிக்கொண்டார்கள். நடுவில் தூளி. தூளிக்குள் முத்தழகி. கடல் காற்று பட்டதும் குழந்தை கண்ணை மூடிச் சுகமாகத் தூங்கிவிட்டது. எழுப்பக் கூடாதே. ஆகவே நின்றார்கள்.

“அப்பா, என் காலை என்னமோ நக்குது” என்றான் வைரக்கண்ணு.

“நாயா இருக்கும். தூண் அசையக் கூடாது, பேசாம நில்லு.”

“ரெண்டு காலையும் ஒண்ணா நக்குதே?”

“பெரிய நாயா இருக்கும்.”

செல்லக்கிளியின் முதுகுக்குப் பின்னால் எதுவோ பெரிதாக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஆசைப்பட்டது அங்கேதான் கிடக்கிறது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். திருப்பவில்லை. எதிரே தெரிந்த ஐஸ் வண்டியையும் ஒரு மின்கம்பத்தையுமே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மின்கம்பத்தை அவள் பார்த்த அளவுக்கு மின்வாரியத்துக்காரர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் குழந்தை விழித்தது. செல்லக்கிளி பின்பக்கமாகவே தூளியருகே போய் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் ஊரைப் பார்த்தபடி, குழந்தையின் முகம் கடலைப் பார்த்தபடி. சரி, குழந்தை கடலைப் பார்க்கிறதா என்று யார் சொல்வது? பவுனம்பா பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழந்தைக்கு நேர் எதிரே நின்றாள்.

“பாக்குதா அண்ணி?” என்றாள் செல்லக்கிளி.

“பாக்குது. என் மூக்குத்தியைப் பாக்குது.”

பவுனம்பா இந்தப் பக்கம் நகர்ந்தாள். குழந்தையின் கண்ணும் இந்தப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் போனாள். கண்ணும் அந்தப் பக்கம் போயிற்று.

“நீ விலகி நில்லேன்” என்றார் ஏகாம்பரம்.

“நான் விலகினா அது பாத்ததை யாரு பாக்குறது?”

ஆழமான கேள்வி. எதிரே ஆள் நின்றால் குழந்தை கடலைப் பார்க்காது. ஆள் நிற்காவிட்டால் பார்த்ததற்குச் சாட்சி இல்லை. உத்திரத்தைத் தோளில் வைத்தபடியே ஏகாம்பரம் இதை யோசித்தார்.

சுண்டல்காரருக்குப் பொறுக்கவில்லை. “நான் சொல்றேங்க. பாப்பா கடலைத்தான் பாக்குது.”

“நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க ஏற்கெனவே கடலைப் பாத்தவரு. உங்களுக்கு எல்லாம் கடல் மாதிரியேதான் தெரியும்” என்றார் ஏகாம்பரம். சுண்டல்காரர் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழந்தை அந்தத் தூக்கைப் பார்த்தது.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. “பாரு கண்ணு, ஒரே ஒரு தடவை பாருடி, அம்மாவுக்காகப் பாருடி” என்று குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கெஞ்சினாள் செல்லக்கிளி.

அப்போது பெரிய அலை ஒன்று வந்து பவுனம்பாவை முதுகில் ஒரு தள்ளு தள்ளியது. அவள் காலண்டரோடு குப்புற விழுந்தாள். ஆனால் கடமை மறக்காதவள். தண்ணீரில் கிடந்தபடியே தலையைத் தூக்கிக் குழந்தையின் கண்ணைப் பார்த்தாள்.

“பாக்குது! பாக்குது! நான் இல்லாத இடத்தைப் பாக்குது!”

முத்தழகி வாயைப் பிளந்து, கையை நீட்டி, “உஷ்ஷ்ஷ்…” என்றாள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். உத்திரமும் கூடவே திரும்பியதில், எழுந்துகொண்டிருந்த பவுனம்பா மறுபடி விழுந்தாள். செல்லக்கிளி பார்த்தாள். எவ்வளவு தண்ணீர்! இவ்வளவையும் யார் இறைத்துக் கொட்டியிருப்பார்கள்? கன்னத்தில் வழிந்தது கண்ணீரா கடல் நீரா என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள்.

“கரை இருக்கு மாமா! நாம அதுமேலதான் நிக்கிறோம்!” என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். திரும்புகிற பஸ்ஸில் ஏகாம்பரம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

“குழந்தைக்கு இது ஞாபகம் இருக்காது, இல்ல?”

“இருக்காதுப்பா” என்றாள் பவுனம்பா, கொண்டையைப் பிழிந்துகொண்டே.

“சின்ன உருப்படிக்கு இல்லாத ஒண்ணைப் பெரியவங்க நாம வெச்சுக்கிறது நியாயமா?”

நியாயம் இல்லைதான்.

“அப்ப ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாரும் கடலை மறந்துடணும்.”

செல்லக்கிளிக்கு இன்னும் சேலை முந்தானைகூடக் காயவில்லை, அதற்குள் மறக்கச் சொன்னால்? ஆனால் மாமனார் பேச்சை அவள் தட்டியதே இல்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு முருங்கைக்காயை நினைத்தாள். முருங்கைக்காய் போய்க் கடலில் விழுந்தது. மாட்டை நினைத்தாள். மாடும் இறங்கி நீந்தியது.

“கடல் மறந்துடுச்சா?” என்று ஏகாம்பரம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

“நீங்க கேட்டதும் ஞாபகம் வந்துடுதுப்பா” என்றான் வைரக்கண்ணு.

“அப்ப பேர் சொல்லாமக் கேக்குறேன். அது ஞாபகம் இருக்கா?”

“எதுப்பா?”

“எனக்கும் தெரியலை” என்றார் ஏகாம்பரம் திருப்தியாக.

செல்லக்கிளிதான் கடைசி ஆள். ஊர் எல்லை வந்தபோது, விம்மிக்கொண்டே, பிடிவாதமாக, ஒரு சொட்டு விடாமல் மறந்து தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மாட்டுக் கொட்டகை கீழே கிடந்தது. பதறிவிட்டார்கள். திருடன்தான் பிரித்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. உத்திரம் மட்டும் தங்கள் தோளிலேயே இருந்ததால், எடுத்துப் போனவன் மனசு மாறித் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றும் முடிவாயிற்று.

“உத்திரம் ஏன் ஈரமா, உப்புக் கரிக்குது?” என்றான் வைரக்கண்ணு.

“பாவம், ரொம்ப அழுதிருக்கான்” என்றாள் பவுனம்பா.

மறுநாளே செல்லக்கிளியின் மனசில் அந்தப் பழைய ஆசை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கடலை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆனால் கரையே தெரியாது என்கிறார்களே, எங்கே நின்று பார்ப்பது? கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்குக் குழந்தைக்கும் என்னமோ ஆகிவிட்டது. வாளியில் தண்ணீர் விழுந்தால் போதும், கையை நீட்டி “உஷ்ஷ்ஷ்…” என்கிறது. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. குடும்பத்தோடு நர்சம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நர்சம்மா குழந்தையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கடலுக்குப் போனீங்களே, அந்த ஞாபகந்தான்.”

“யாரு, நாங்களா? இல்லையே!” என்றார்கள் நாலு பேரும். செல்லக்கிளியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

நர்சம்மா நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பவுனம்பாவின் காதோரத்தில் மணல் ஒட்டியிருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, “சரி, போகலைன்னா ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க” என்றார்.

செல்லக்கிளிக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கப் போகிறாள்!

“போயிடுவோம்” என்றார் ஏகாம்பரம். “ஆனா இந்தக் கடல் எந்தத் திசையில இருக்கு?”

முத்தழகி சட்டென்று கையைத் தூக்கிக் கிழக்கே காட்டினாள்.

ஏகாம்பரம் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். “சும்மா இரு ஆயி. நாங்க இத்தனை பெரியவங்க இருக்கோம், எங்களுக்கே தெரியலை. கடலையே பாக்காத உனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு, வழி கேட்பதற்காக மேற்குப் பக்கம் நடந்தார்.