பன்றி மூடிய ஊற்று

கோடை முற்றி, காட்டாறு வெறும் மணலாகக் கிடந்தது. தண்ணீர் மணலுக்கு அடியில் ஆழத்தில் இருந்தது. அதைத் தோண்டி எடுக்கும் மூஞ்சி அந்தக் காட்டில் ஒரு பன்றிக்குத்தான் இருந்தது. விடிந்ததும் அது தன் குட்டிகளோடு ஆற்றுக்கு வரும். மணலைக் கிளறிப் பள்ளம் பறிக்கும். ஊற்று கசிந்ததும் மானையும் முயலையும் காட்டுக்கோழியையும் குடிக்க விடும். எல்லாரும் குடித்த பிறகு பின்னங்காலால் மணலைத் தள்ளிப் பள்ளத்தை மூடிவிடும்.

மூடுவது நரிக்காக. நரிக்கு ஒரு சொட்டும் கிடைக்கக் கூடாது.

அன்று மூடும் நேரத்தில் நரியே வந்து நின்றது. விலா எலும்பு தெரிந்தது.

“அக்கா, ரெண்டு வாய் குடிச்சுக்கிறேன். புதர்ல மூணு குட்டி கெடக்குது. பால் வத்திப்போச்சு.”

“வெள்ளத்துல என் குட்டி ஒண்ணு போச்சே, அன்னைக்குக் கரையில நின்னு என்ன சொன்னே?”

“எந்த வெள்ளம்?”

“‘ஒண்ணு போனா என்ன, இன்னும் எட்டு இருக்கே’ன்னு சொன்னே.”

நரி யோசித்துப் பார்த்தது. “நானா? ஞாபகமே இல்லையே அக்கா. சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பேன்.”

மறந்துவிட்டது என்பதுதான் பன்றிக்குப் பொறுக்கவில்லை. அந்த எட்டும் வளர்ந்து தங்கள் வழியே போய், அடுத்த ஈற்றுக் குட்டிகளும் வந்துவிட்டன. வெள்ளமும் வடிந்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் வடியவில்லை. இந்த நரியோ அதைச் சொல்லிவிட்டு அன்றே நண்டு பிடிக்கப் போயிருக்கிறது.

“நகரு” என்றது பன்றி. பள்ளத்தை மூடி, மேலே ஏறி மிதித்தும் விட்டது.

நரி வெறும் வாயோடு திரும்பிப் போனது. கிளையில் உட்கார்ந்திருந்த காட்டுக்கோழி தொண்டையைச் செருமியது.

“சலங்கையும்தான் தண்ணிக்கு வர்றதில்ல. அது மேல என்ன வழக்கு வச்சிருக்கே?”

சலங்கை ஒரு கிழட்டு முள்ளம்பன்றி. நடந்தால் முட்கள் சலசலக்கும் என்பதால் காடு வைத்த பெயர் அது.

“அதோட எனக்கு ஒரு சண்டையும் இல்லையே. ஊத்து இருக்குறது தெரியாதோ என்னவோ.”

“நான் போய்ச் சொன்னேன். வரமாட்டேங்குது. நாக்கு வறண்டு கெடக்குது. நாளைக்குத் தாங்காது.”

பன்றி உடனே குட்டிகளோடு கிளம்பியது. சலங்கையின் வளை தூரத்தில் இருந்தது. போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பன்றி வளை வாயில் குனிந்தது.

“அண்ணே, வா, தண்ணி குடிக்கலாம்.”

“வேண்டாம் தாயி. என் முள்ளுச் சத்தம் கேட்டுச் சிறுத்தை வரும். உன் குட்டிகளுக்கு ஆகாது.”

“அப்படி யார் சொன்னா?”

“நீதான். ஒரு நாள் உங்க பின்னால நடந்து வந்தேன். ‘தள்ளிப் போ, நீ வந்தா சாவும் கூடவே வரும்’னே. அப்புறம் நான் யார் கூடவும் நடக்கல.”

“நானா?”

எவ்வளவு யோசித்தும் அந்த நாள் பன்றிக்கு நினைவு வரவில்லை. குட்டிகளுக்குப் பயந்து எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறது. அதில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

“பயத்துல சொல்லியிருப்பேன் அண்ணே” என்றது. சொன்ன பிறகுதான், காலையில் நரி பேசியதையே தானும் பேசுவது தெரிந்தது.

“இருக்கும்” என்றது சலங்கை. “ஆண்டவர் எனக்கு முள்ளைக் குடுக்கும்போது சத்தத்தையும் சேத்துத்தான் குடுத்தாரு. ஏன் குடுத்தீங்கன்னு அவர்கிட்ட நான் கேக்காத நாள் இல்ல.”

பன்றி முன்னங்கால்களை மடித்துத் தரையில் படுத்தது.

“தப்புதான் அண்ணே. மன்னிச்சிரு. நீ முன்னால நட. சத்தம் கேட்டா கேக்கட்டும்.”

சலங்கை மெல்ல வெளியே வந்தது. சலசலவென்று அது முன்னால் நடக்க, பன்றியும் குட்டிகளும் பின்னால் நடந்தன.

ஆற்றுக்கு வந்ததும் பன்றி மறுபடியும் பள்ளம் பறித்தது. சலங்கை வயிறு முட்டக் குடித்தது. குடித்து முடித்ததும் பன்றியின் பின்னங்கால் பழக்கத்தில் மணலைத் தள்ள எழும்பியது. பாதியில் நின்றது. பன்றி காலைக் கீழே வைத்தது.

“போய் நரியைக் கூட்டிட்டு வா” என்றது கிளையில் இருந்த காட்டுக்கோழியிடம்.

“நரியைக் கூப்பிடக் கோழியை அனுப்புற ஆளு நீ ஒருத்திதான். மரத்து மேல இருந்தே கூப்பிடுறேன், போ.”

நரி வந்தது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள் தள்ளாடி வந்தன.

“மூணுன்னு சொன்னியே?” என்று கேட்டது பன்றி.

“மத்தியானம் ஒண்ணு போயிருச்சு அக்கா.”

பன்றி வாயைத் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்தை விட்டு விலகி இடம் கொடுத்தது. நரி குடித்தது. குட்டிகளும் குடித்தன. அவை இரண்டும் பிழைத்துக்கொண்டன. அதற்குப் பிறகும் நரியும் பன்றியும் கூடிக் குலாவவில்லை. ஆனால் மழை வரும்வரை அந்த ஊற்றை யாரும் மூடவில்லை.

சொன்னவர் அன்றே மறந்துவிடும் வார்த்தை, கேட்டவரோடு சாகும்வரை நடந்து வருகிறது. ஆகையால் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவர், தாம் மன்னிக்க வேண்டியவரையும் தம்மை மன்னிக்க வேண்டியவரையும் முதலில் தேடிப் போகட்டும்.