குவிமாடத்தைச் சுற்றி வந்த கம்பு

“மேடம், என் புலம் பொய்,” என்றார் இருதயராஜ்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மெஹருன்னிசா திரும்பவில்லை.

“எப்படிச் சொல்றீங்க, சார்?”

“எந்தப் புள்ளியில கை வச்சாலும் அதைச் சைபராக்கிட முடியுது. காலையில இருந்து நூறு புள்ளி செஞ்சு பாத்துட்டேன். நூறும் சைபர்!”

இருதயராஜுக்கு அறுபத்து மூன்று வயது. தூத்துக்குடிக்காரர். முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பல்களுக்கு வழி குறித்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே, மலைமேல் இருந்த இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். மெஹருன்னிசா அவருடைய பேராசிரியை. அவரைவிட இருபத்தேழு வயது இளையவள்.

“புலம்னா என்ன?”

“தினம் அதையே கேக்குதீங்க.”

“இன்னைக்கும் சொல்லுங்க.”

அவர் பெருமூச்சு விட்டார்.

“ஒவ்வொரு இடமும் தனக்கு எது வடக்குன்னு தானே வச்சுக்கலாம். ஏன்னு யாரும் கேக்க முடியாது. ஆனா பக்கத்து இடத்தோட ஒத்துப் பாக்கணும்னா, என் வடக்குக்கும் உன் வடக்குக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்னு ஒரு கணக்கு வேணும். அந்தக் கணக்குதான் கேஜ் புலம். மின்சாரத்துக்கும் இதேதான், ஈர்ப்புக்கும் இதேதான்.”

“சரி.”

“என்ன சரி? வடக்கைக் கொஞ்சம் மாத்தி வச்சா அந்தக் கணக்கே காணாமப் போகுதே! மாத்தி வச்சா மறையுற ஒண்ணு, நிலாவை எப்படி மேடம் இழுத்துப் பிடிக்கும்?”

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

“வெளியோட வளைவுதான் ஈர்ப்புன்னு புத்தகம் சொல்லுது. புலம் பொய், வளைவு மெய்யா? ரெண்டுக்கும் என்ன உறவு? நாலு வருஷமா இல்லாத ஒண்ணைத் துரத்தியிருக்கேன். போதும். நாளைக்கு ஊருக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டேன்.”

மெஹருன்னிசா சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அறை மூலையில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வாங்க.”

வெளியே நல்ல வெயில். மைதானத்தில் அவரை நிறுத்தினாள்.

“கம்போட குஞ்சம் தெற்கைப் பாக்கட்டும். இந்த மைதானத்தைச் சுத்தி வாங்க. எந்தப் பக்கம் நடந்தாலும் கம்பைத் திருப்பக் கூடாது.”

நாலு மூலையும் தொட்டு வந்தார். குஞ்சம் தெற்கையே பார்த்தது.

“இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் அவள். மைதானத்தின் ஓரத்தை நோக்கி நடந்தாள்.

அங்கே ஒரு பழைய குவிமாடம். பாதிப் பந்தைக் கவிழ்த்தது போலத் தகரக் கூரை. உள்ளிருந்த தொலைநோக்கியை எப்போதோ கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நாலு திசையிலும் இரும்புப் படிகள் உச்சிக்கு ஏறின. அடி விளிம்பைச் சுற்றி ஒரு குறுகலான நடைமேடை.

கப்பலில் ஏறிப் பழகிய கால்கள். அவளுக்கு முன்னால் அவர் உச்சியில் நின்றார்.

குஞ்சம் தெற்கே பார்க்கும்படி கம்பைத் தகரத்தில் படுக்கவைத்தாள். அதன் ஓரமாக சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

“தெற்குப் படியில இறங்குங்க. விளிம்புல கிழக்குப் படி வரைக்கும் நடங்க. அதுல ஏறி இங்க வாங்க. கம்பு தகரத்தை ஒட்டியே இருக்கணும். ஒரு அடியிலயும் திருப்பக் கூடாது.”

இறங்கினார். குஞ்சம் அவருக்கு முன்னால் கீழ்நோக்கிப் போனது. விளிம்பில் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தார். ஒவ்வோர் அடிக்கும் நின்று பார்த்தார். குஞ்சம் கீழேயே பார்த்தது. கிழக்குப் படியில் ஏறினார். அப்போதும் கீழே.

உச்சிக்கு வந்து கம்பைத் திருப்பாமல் கோட்டருகே வைத்தார்.

குஞ்சம் கிழக்கைப் பார்த்தது.

“எங்கயோ திருப்பிட்டேன்,” என்றார்.

“எங்க?”

“தெரியல. இருங்க.”

மறுபடி போனார். இம்முறை அடிகளை எண்ணிக்கொண்டே போனார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. திரும்பி வந்தார்.

கிழக்கு.

“திருப்பல மேடம்! சத்தியமா ஒரு அடியிலயும் திருப்பல!”

“நான் எதுவும் சொல்லலையே.”

அவர் கம்பையே வெறித்துப் பார்த்தார். பிறகு அவளைக் கேட்காமலே இறங்கினார். தெற்குப் படியில் அடிவரை போய், நடைமேடையில் கால் வைக்காமல் அதே படியில் திரும்பி வந்தார்.

தெற்கு. கொஞ்சமும் மாறவில்லை.

“சுத்தாமப் போனா மாறல,” என்று முணுமுணுத்தார்.

மறுபடி இறங்கினார். இம்முறை விளிம்பில் கிழக்குப் படியையும் தாண்டி நடந்தார். வடக்குப் படியில் ஏறும்போது கிட்டத்தட்ட ஓடினார்.

“மெதுவா, சார்!”

கம்பை வைத்தார். குஞ்சம் வடக்கைப் பார்த்தது. நேர் எதிர்.

“கால்வாசி சுத்துக்குத் தொண்ணூறு!” என்று கத்தினார். “அரைவாசிக்கு நூத்தி எண்பது! எவ்வளவு இடத்தை வளைச்சிட்டு வாரேனோ அவ்வளவு திருப்பம்! சாக்பீஸ் குடுங்க!”

கொடுத்தாள். அவர் தகரத்தின்மேல் குந்தினார். நாலு வருஷமாக எழுதிய அதே சமன்பாட்டை எழுதினார். ஒரு புள்ளியில் நிற்காமல், புலத்தைக் கூட்டிக்கொண்டே கணக்கில் ஒரு சின்ன வட்டம் போய்த் தொடங்கிய இடத்துக்கு வந்தார். கூட்டியதில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார்.

வடக்கை மாற்றி வைத்து எழுதினார். மிஞ்சியது போகவில்லை. இன்னொரு விதமாக மாற்றினார். போகவில்லை.

சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டால் எழுதினார்.

“இதுக்குப் பேரு என்ன?” என்றாள் மெஹருன்னிசா.

அவர் மிஞ்சியதன் கீழே ஒரு கோடு போட்டார்.

“வளைவு,” என்றார் கடைசியில். “புத்தகத்துல இருக்குற அதே வளைவு. எழுத்துக்கு எழுத்து அதே. மேடம், நான் ஒவ்வொரு புள்ளியா நின்னு பாத்திருக்கேன். ஒரு தடவையும் சுத்தி வரல!”

காற்று அவள் முக்காட்டை இழுத்தது. அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மின்சாரத்துலயும் இப்படித்தானா?”

“அங்க கம்பு உங்க கையில இருக்காது. ஒவ்வொரு துகளுக்குள்ளயும் இருக்கும். சுத்தி வர்றது ஒண்ணுதான்.”

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி எழுந்தார்.

“சார்.”

“சொல்லுங்க மேடம்.”

“நீங்க கம்பைத் திருப்பலைன்னு சத்தியம் பண்ணுனீங்க.”

“ஆமா.”

“அப்ப திருப்பினது யாரு?”

இருதயராஜ் கம்பைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார்.

சட்டென்று மண்டியிட்டு, சுடும் தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தார்.

“இது!” என்றார்.

கையை எடுக்கவில்லை.