சவரிமுத்து வண்டியின் தொண்ணூறாம் நாள்

பாலைவனத்தில் இரண்டு நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் நான்கு பேருடைய விசா போய்விடும். அந்தப் பாவம் எனக்கு எதற்கு? நம் ஆட்கள் முதலில் வேலை பார்த்ததைப் பழைய நாடு என்றும், பிறகு கம்பெனி அவர்களை அனுப்பிவைத்த இடத்தைப் புது நாடு என்றும் வைத்துக்கொள்வோம்.

நான்கு பேரும் தூத்துக்குடிப் பக்கம். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் சவரிமுத்து. கொத்தனார் ஆண்டியப்பன், வயதில் மூத்தவர் என்பதால் மற்ற மூவருக்கும் அண்ணாச்சி, எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவர் என்பதால் மூன்று மடங்கு படித்தவர். ஏசி மெக்கானிக் மீராசா, ஸ்பானர் இல்லாமல் சாப்பிடக்கூட உட்கார மாட்டான். நான்காவது பூலோகம், சமையல்காரன்.

சவரிமுத்துவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. பழைய நாட்டில் வாங்கியது, பழைய நாட்டு நம்பர். கதவில் ஒரு வயர்கூட ஓடாத அளவுக்குப் பழைய கார். ஆனாலும் அவன் அதை வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது.

கல்யாணமான அன்று அவன் மனைவி செசிலியை மினி பஸ்ஸில்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனான். கழுத்தில் மாலையோடு நின்றவளைப் பார்த்துக் கண்டக்டர், "படியில நிக்காதம்மா, உள்ள ஏறு" என்று அதட்டினார். அந்தச் சொல் சவரிமுத்துவின் நெஞ்சில் ஆறு வருஷமாகத் தைத்துக்கொண்டே இருந்தது. என்றைக்காவது ஒருநாள் சொந்தக் காரின் கதவைத் தன் கையால் திறந்து அவளை உட்கார வைக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. இப்போது செசிலி ஒரு மாத விசாவில் வரப்போகிறாள், டிக்கெட்டும் போட்டாயிற்று.

புது நாட்டில் நால்வருக்கும் கிடைத்தது தற்காலிக அட்டை. தற்காலிக அட்டைக்காரன் அங்கே காரைப் பதிவு செய்ய முடியாது. வெளிநாட்டு நம்பரோடுதான் வைத்திருக்க வேண்டும், அதற்கும் ஓர் அனுமதித் தாள் வேண்டும். மனு டைப் அடிக்கும் கடை வைத்திருந்த உஸ்மான் கோயா நல்ல மனிதர். தாளை வாங்கிக் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"நல்லா கேட்டுக்கோ. வண்டி இந்த நாட்டுல தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். அதுக்குள்ள எல்லையைத் தாண்டி வெளிய போய், மறுபடி உள்ள வந்து முத்திரை வாங்கணும். ஒரு நாள் தவறினாலும் வண்டியைப் பிடிச்சு வச்சிருவாங்க. ரெண்டாவது, உன்னைத் தவிர வேற யாரும் வண்டியை ஓட்டக்கூடாது. மூணாவது, இந்தத் தாள் ஒருநாளும் வண்டியை விட்டுப் பிரியக்கூடாது."

சவரிமுத்து மூன்றையும் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அறைக்கு வந்தான். அன்று சாயங்காலமே ஆலோசனைக் கூட்டம்.

"மொதல்ல தாளு. பிரியவே கூடாதுன்னுல்லா சொல்லியிருக்காரு? பெட்டியில வச்சா காத்துல பறந்துரும்" என்றார் ஆண்டியப்பன். "சட்டம் சொன்னதைச் சட்டமா செய்யணும்."

டைல்ஸ் ஒட்டும் பசை அவரிடம் இருந்தது. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டின் கதவில், உள்பக்கம், கண்ணாடிக்குக் கீழே தாளை ஒட்டினார்கள். மறுநாள் பூலோகம் தோசைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தான். கரண்டிதான் வளைந்தது. எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

அடுத்தது தொண்ணூறு நாள் விவகாரம். ஆண்டியப்பன் கண்ணை மூடி யோசித்தார்.

"ஏல, நாட்டுல இருக்கதுன்னா என்ன? அந்த நாட்டு மண்ணுல நிக்கது. மண்ணுல படலன்னா இருக்கதா கணக்கே இல்லல்லா?"

"அப்போ தொண்ணூறு நாளும் செலவாகாது!" என்றான் மீராசா.

காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நான்கு சக்கரத்துக்கும் கீழே செங்கல் அடுக்கினார்கள். செங்கல் இந்த நாட்டு மண்ணில் சுட்டதாயிற்றே என்று பூலோகம் சந்தேகம் எழுப்பினான். அவனே ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பாயைக் கிழித்துச் செங்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

"எல்லாம் சரி அண்ணாச்சி, வண்டியோட நிழலு தரையில விழுதே?" என்றான் சவரிமுத்து. அவனுக்குத்தான் கவலை, கார் அவனுடையது.

நால்வரும் நிழலைச் சுற்றி நின்று வெகுநேரம் பார்த்தார்கள். கடைசியில் உள்ளூர்க் கடையில் ஒரு தார்ப்பாய் வாங்கி காருக்கு மேலே பந்தல் கட்டினார்கள். இப்போது தரையில் விழுவது தார்ப்பாயின் நிழல். தார்ப்பாய் இந்த நாட்டில் வாங்கியது, அதன் நிழல் இங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் விழலாம். சவரிமுத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

எண்பத்தெட்டாம் நாள் அந்தப் பக்கமாக வந்த கோயா, செங்கல் மேல் பந்தலுக்குள் நின்ற காரைப் பார்த்தார். யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு, "எல்லா நாளும் கணக்குதான்! நாளை மறுநாளோட முடியுது!" என்று கத்திவிட்டுப் போனார்.

நாளை மறுநாள்தான் செசிலி வருகிறாள். சாயங்காலம் நான்கு மணிக்கு விமானம். காரைப் பிடித்துக்கொண்டால் அவளை மறுபடியும் பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். "நாளைக்கே எல்லைக்குப் போயிருவமா?" என்று சவரிமுத்து கெஞ்சினான்.

"என்னல பேசுத?" என்றார் ஆண்டியப்பன். "மதிச்சுத் தொண்ணூறு நாள் குடுத்திருக்காங்க. ஒரு நாளை மிச்சம் வச்சிட்டுப் போனா, உங்க நாளு எனக்கு வேண்டாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிராதா? காலையில எல்லை, சாயங்காலம் ஏர்போர்ட். முடிஞ்சு போச்சு."

தொண்ணூறாம் நாள் விடிந்ததும் காரைச் செங்கல்லிலிருந்து இறக்கினார்கள். மூன்று மாதம் சும்மா நின்ற பேட்டரி செத்திருந்தது. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். சவரிமுத்து ஸ்டீயரிங்கில் உட்கார, மூவரும் பின்னால் கைவைத்தார்கள். சட்டென்று மீராசா கையை எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, நம்ம தள்ளித்தானே வண்டி ஓடப் போவுது? அப்போ ஓட்டுதது யாரு?"

ஆண்டியப்பனுக்கு வியர்த்துவிட்டது. மயிரிழையில் சட்டத்தை மீறப் பார்த்தோமே! சவரிமுத்துவைத் தவிர வேறு யாரும் ஓட்டக்கூடாது, ஆகவே சவரிமுத்துதான் தள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வண்டி தனியாகப் போனால் ஆபத்தாயிற்றே என்று மற்ற மூவரும் உள்ளே ஏறிக்கொண்டார்கள். கைதவறிக்கூட ஸ்டீயரிங்கைத் தொட்டுவிடாமல் மூவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

சவரிமுத்து தள்ளினான். முன்னால் ஒரு சரிவு இருந்தது. கார் அவனை விட்டுவிட்டு ஜோராகக் கிளம்பியது.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டே பின்னால் ஓடினான்.

"பிரேக்கும் ஓட்டுததுலதான் சேரும்! ஓடி வந்து நீயே பிடி!" என்று ஆண்டியப்பன் உள்ளேயிருந்து பதில் சொன்னார்.

நல்லவேளையாகச் சாலையோர மணல் குவியல் ஒன்று காரைப் பிடித்துக்கொண்டது. அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து காரைக் கிளப்பிவிட்டார். மூவரும் கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை என்பதைச் சவரிமுத்து நன்றியோடு பார்த்துக்கொண்டான்.

எல்லையை அடைந்தபோது மணி பத்து. காரை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே, "அனுமதித் தாளைக் கொண்டு வா" என்றார்.

சவரிமுத்து தயங்கினான். "சார், அது வண்டியில இருக்கு."

"வண்டியில் இருந்தால் நான் எப்படி முத்திரை குத்துவது? இங்கே கொண்டு வா."

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னான். தாள் வண்டியை விட்டுப் பிரியவும் கூடாது, ஜன்னலுக்கு வந்தும் ஆக வேண்டும். நால்வரும் வெயிலில் நின்று வாதாடினார்கள்.

"கதவும் வண்டிதானே?" என்றான் பூலோகம் திடீரென்று. "கதவோட போனா தாளு வண்டியை விட்டுப் பிரிஞ்சதா ஆவாதுல்லா?"

சமையல்காரனுக்கு இவ்வளவு மூளையா என்று மற்றவர்கள் திகைத்தார்கள். மீராசாவின் ஸ்பானர் வேலையைக் காட்டியது. பத்தே நிமிஷத்தில் நால்வரும் ஒரு கார்க் கதவைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது.

அதிகாரி கதவைப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார். பிறகு தன் தேநீரை முழுதாகக் குடித்து முடித்தார். கதவை ஜன்னலில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, எட்டி, தாளில் முத்திரை குத்தினார்.

அங்கே கதவை மாட்டி, இருநூறு மீட்டர் போய், பழைய நாட்டு ஜன்னலில் கழற்றிக் காட்டினார்கள். மறுபடி மாட்டி, வண்டியைத் திருப்பி, வெளியேறுவதற்காக இன்னொரு ஜன்னலில் கழற்றினார்கள். நான்காவது ஜன்னலில் காலையில் பார்த்த அதே அதிகாரி. இவர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்து, கதவிலேயே புதுத் தேதி போட்டு முத்திரை குத்தினார்.

"இன்னும் தொண்ணூறு நாள்" என்றார். சவரிமுத்துவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "ஒன்று மட்டும் கேட்டுக்கொள். வழியில் போலீஸ் நிறுத்தினால் தாளை உடனே காட்ட வேண்டும். கையில் தயாராக வைத்துக்கொள்."

மீராசா மாட்டப் போன கதவை ஆண்டியப்பன் தடுத்தார். "கையில தயாரா வைக்கச் சொல்லுதாரு, காது கேக்கலியா?"

ஆகவே கதவை மாட்டவில்லை. பூலோகம் முன் சீட்டில் உட்கார்ந்து, கதவை அது இருந்த இடத்தின் ஓரமாகச் சாய்த்து, இரு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். இருநூறு கிலோமீட்டர். பாலைவன மணலில் பாதி அவன் வாயில்தான் இருந்தது. போலீஸ் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நொடியில் காட்டியிருப்பான் என்பதில் எல்லோருக்கும் பெருமை.

நான்கரைக்கு விமான நிலையம். வாசலில் செசிலி நின்றிருந்தாள், கயிறு கட்டிய அட்டைப் பெட்டியும் கையுமாக. சவரிமுத்து ஓடிப்போய் நின்றான்.

"கார் எங்க?" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் சவரிமுத்து திரும்பிப் பார்த்தான். கார் இருந்தது. பூலோகம் கதவோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். திறந்துவிடுவதற்குக் காரில் கதவு இல்லை. ஆறு வருஷத்து ஆசையை நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா அழுத?" என்றார் ஆண்டியப்பன். "பூலோகம் ஒரு பக்கம் பிடி. மீராசா நீ ஒரு பக்கம். வச்ச எடத்துல வைங்கல."

இருவரும் கதவைத் தூக்கி அதன் இடத்தில் பொருத்திப் பிடித்தார்கள். சவரிமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாகக் கதவைத் திறந்தான். பூலோகமும் மீராசாவும் கதவோடு அரைவட்டமாக நடந்து ஒதுங்கினார்கள். செசிலி சேலையை ஒதுக்கிக்கொண்டு ராணி போல உள்ளே உட்கார்ந்தாள். சவரிமுத்து கதவைச் சாத்தினான். இருவரும் அரைவட்டமாகத் திரும்பி வந்தார்கள். அப்படிக் கதவு திறந்துவிட்டவன் உலகத்தில் எவனும் இருந்திருக்க மாட்டான். அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

இங்கே நிற்கக்கூடாது என்று போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார். செசிலி வெயிலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இருவரையும் பார்த்தாள்.

"பாவம், வேர்த்து ஊத்துதே. நீங்க பின்னால ஏறிக்கிடுங்கண்ணே, நான் உள்ள லாக் போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். டக் என்று சத்தம் கேட்டது.

பூட்டிய கதவு எங்கே விழப்போகிறது? இருவரும் கையை எடுத்துவிட்டு, ஆண்டியப்பனுக்கு இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள். சவரிமுத்து காரைக் கிளப்பினான். பின்னால் தொப்பென்று என்னவோ விழுந்தது.

"யாரோ எதையோ போட்டுட்டுப் போறான்" என்றார் ஆண்டியப்பன், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பொறுப்பே இல்லாத ஜனங்க."

விசில்காரர் ஓடிவந்து பார்த்தார். இன்னும் தொண்ணூறு நாளைக்குச் செல்லுபடியாகும் முத்திரையோடு, சட்டப்படி எந்தக் குறையும் இல்லாமல், ஒரு கதவு மட்டும் சாலையில் கிடந்தது.

கார் கடற்கரைச் சாலையில் வேகம் எடுத்தது. செசிலியின் முந்தானை வெளியே பறந்தது. அவள் கண்ணை விரித்துக் கடலைப் பார்த்தாள்.

"கண்ணாடியை எப்படித் துடைச்சு வச்சிருக்கீங்க!" என்றாள். "இருக்கதே தெரியல."

"எல்லாம் உனக்காகத்தான்" என்றான் சவரிமுத்து.