மூன்றாவது தையல் பெட்டி

மாசிலாமணி ஆசாரி மூன்றாவது தையல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தபோது, சாமியம்மா தோட்டத்தில் கத்தரிச் செடிகளில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சாமியம்மா ஆசாரியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. ஆசாரி அவரிடம் உபதேசம் வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வட்டாரத்தில் நல்ல கதவு, நல்ல கட்டில் என்று எதைக் காட்டினாலும் அது ஆசாரி செய்ததாக இருக்கும். அவ்வளவு பேர் வாங்கியவரால் மனைவி தெய்வானைக்கு ஒரு தையல் பெட்டி செய்து கொடுக்க முடியவில்லை.

இந்தக் கதையைச் சாமியம்மா ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தார். முதல் பெட்டி தேக்கு. தெய்வானை அதைத் தடவிப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார், பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டார். கனம் அதிகம் போலிருக்கிறது என்று ஆசாரி தானாகவே முடிவு செய்து அடுத்ததை லேசான மரத்தில் செய்தார். அதில் தெய்வானை கணவருடைய பிரஷர் மாத்திரைகளைப் போட்டு வைத்தார். தைக்க உட்காரும்போது மட்டும், பக்கத்தில் எப்போதும் போலப் பழைய பிஸ்கட் டின்தான்.

இரண்டு தடவையும் சாமியம்மா சொன்னது ஒன்றே.

"அந்த அம்மாவையே கேளுங்க."

இரண்டு தடவையும் ஆசாரி சொன்ன பதிலும் ஒன்றே.

"கேட்டுட்டா செய்யறது? அப்புறம் அது என்ன அன்பளிப்பு?"

இப்போது பெட்டியை வரப்பின் மேல் வைத்துவிட்டு ஆசாரி மூச்சு வாங்க நின்றார்.

"போயிட்டா சாமியம்மா."

"யாரு?"

"தெய்வானைதான். அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. திரும்பி வர மாட்டாளாம்."

சாமியம்மா நிமிர்ந்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேனா? இதைச் செஞ்சேன். பாருங்க."

மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்த தட்டுகள் படிக்கட்டு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்தன. எங்கும் ஓர் ஆணி கிடையாது. மூலைகள் பல்லோடு பல் கோத்து நின்றன. நூல்கண்டுகளுக்கு வரிசையாகக் குச்சிகள். கத்தரிக்கோலுக்கு அதே அளவில் குடைந்த ஒரு குழி.

"அழகா இருக்கு," என்றார் சாமியம்மா.

"இருக்குல்ல? இதையும் பீரோ மேல ஏத்திடக்கூடாதுன்னு அவ குளிக்கப் போன நேரம் பார்த்து டின்னுல இருந்ததை எல்லாம் எடுத்து இதுல நானே அடுக்கினேன். நூலு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், ஹூக்கு ஒரு பக்கம். அப்புறம் டின்னை பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

சாமியம்மா கையிலிருந்த புழுவைக் கொட்டாங்குச்சியில் போட மறந்து அப்படியே நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. டின்னு எங்கன்னு கேட்டா. சொன்னேன். அந்த டின்னுக்குள்ள கையை விட்டா எது எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்னா. அவ்வளவுதான். காலையில நூலு, ஊசி எல்லாத்தையும் பையில அள்ளிப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. ஒரு பிஸ்கட் டின்னுக்கு ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்க. இன்னும் நான் எப்படித்தான் செய்யணும்? பூவரசுல செய்யவா? இழுப்பறை வைக்கவா? அவளுக்கு என்னதான் வேணும்?"

குரல் தோட்டத்தைத் தாண்டிக் கேட்டது. சாமியம்மாவும் பொறுமையின் விளிம்பில்தான் இருந்தார். புழுவை உதறினார். கையைப் புடவையில் துடைத்தார்.

"எனக்கு ஒரு பெட்டி வேணும் ஆசாரியாரே," என்றார்.

ஆசாரி இதை எதிர்பார்க்கவில்லை.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். செஞ்சு தருவீங்களா?"

"தாராளமா. எதுக்கு?"

சாமியம்மா இன்னொரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"துணி வைக்கவா, பாத்திரம் வைக்கவா?" ஆசாரியின் கை தானாகக் காதுக்குப் போய் அங்கே செருகியிருந்த பென்சிலை எடுத்தது. "எங்க வைக்கப் போறீங்க? தரையிலயா, பலகை மேலயா? தரைன்னா கரையான் ஏறும், கால் வெச்சுத்தான் செய்யணும். அடிக்கடி திறப்பீங்களா, எப்பவாவதா? உட்கார்ந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா? தூக்கிக்கிட்டுப் போறது உண்டா? பூட்டு வேணுமா?"

சாமியம்மா ஒரு புழுவைப் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டார்.

"ஏதாவது சொல்லுங்க சாமியம்மா."

"ஒரு பெட்டிக்கு இத்தனை கேள்வியா?"

"பின்ன? இதெல்லாம் கேக்காம எப்படிச் செய்யறது? ஒரு ஸ்டூல் வேணும்னு வந்தாக்கூட யார் உட்காரப் போறாங்கன்னு கேட்காம நான் மரத்துல கை வைக்க மாட்டேன். என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க? இந்த முப்பது வருஷத்துல ஒருத்தருக்காவது கேக்காம..."



பென்சிலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகப் பார்த்தார். இரண்டு தடவை செருகியும் அது நிற்கவில்லை.

சாமியம்மா அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

"பஸ் இருக்கும்போதே கிளம்புங்க," என்றார்.

ஆசாரி பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மச்சினன் வீட்டுக்கு உடனே போய்விடவும் இல்லை. கோபம் இருந்தது. தானே சமைத்துச் சாப்பிட்டார். ஒரு நாள் சட்டைப் பொத்தான் அறுந்தது, அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மடத்தில் கிடந்த பெட்டியில் சாமியம்மா வெண்டை, அவரை விதைகளைப் போட்டு வைத்தார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆசாரி வந்தார். முகமெல்லாம் வேர்வை. சாமியம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"போனேன் சாமியம்மா. நீங்க சொன்னபடியே கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"உனக்கு எப்படிப்பட்ட பெட்டி வேணும்னு."

"சரி."

"பெட்டியைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசல."

சாமியம்மா அரிசித் தண்ணீரைச் சாய்த்தார்.

"என் கையில ஒரு வருஷம் உளி பாஞ்சுதுல்ல, அதுல ஆரம்பிச்சா. கட்டுப் போட்டுக்கிட்டு நான் சும்மா கிடந்தேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அவ ஜாக்கெட் தெச்சுத்தான் அப்ப அடுப்பு எரிஞ்சுது. பார்க்க வந்தவங்ககிட்ட நான் என்ன சொன்னேனாம் தெரியுமா? அவளுக்குப் பொழுது போகல, ஏதோ தெச்சுக்கிட்டிருக்கான்னு சொன்னேனாம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கா. எனக்கு ஞாபகமே இல்ல."

சாமியம்மாவின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது.

"சொல்லியிருப்பேன்," என்றார் ஆசாரி.

"அப்புறம்?"

"அதோட விட்டாளா? அவங்க அப்பா செத்த அன்னிக்கு நான் எங்க இருந்தேன், பொண்ணு பிறந்தப்ப எப்ப வந்து பார்த்தேன்... ஒண்ணு மேல ஒண்ணா வருது. காலையில ஆரம்பிச்சவ. அவ தம்பி சாப்பிடக் கூப்பிட்டாரு, எழுந்திருக்கல. மடியில யாரோட ஜாக்கெட்டோ கிடக்கு. ஹூக்கு வெச்சுத் தெச்சுக்கிட்டே பேசறா. அழல. அழுதாலாவது ஏதாவது சொல்லலாம். நடுவுல நான், சரி, பெட்டிக்கு மூடி எந்தப் பக்கம் திறக்கணும்னு கேட்டேன்."

சாமியம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஊசியைத் துணியில குத்தி வெச்சுட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் ஊசியை எடுத்தா. விட்ட இடத்துலருந்து மறுபடியும் ஆரம்பிச்சா."

ஆசாரி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துண்டை எடுக்க நேரமாயிற்று.

"எனக்கு ஒண்ணும் விளங்கல சாமியம்மா. இதுக்கு நான் என்ன செய்யணும்? நாலாவது பெட்டி செய்யட்டுமா, வேண்டாமா? எதைச் செஞ்சா இது சரியாகும்? நீங்க ஒரு வழி சொல்லுங்க."

"அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

"கடைசியாவா? இன்னும் எங்க முடிச்சா? பேசிக்கிட்டேதான் இருந்தா. இரு, சாமியம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன்."

சாமியம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"பாதிப் பேச்சுலயா எழுந்து வந்தீங்க?"

ஆசாரி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப இங்க உங்களுக்கு என்ன வேலை?"